கடலூரில் இருப்பவர் தாவர உணவுக்கு மாறினால் சூழலுக்கும் உடலுக்கும் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எதை விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆடுமாடுகளின் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதால், ஆட்டிறைச்சியைக் குறைப்பதே பெரிய மாற்றம். கோழியைக் குறைப்பதன் பலன் அதைவிடச் சிறியது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரத்திலேயே விளையும் உளுந்து, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெற்றுக்கொள்வதால், அதற்கு யூரியாவும் பாசனமும் மிகக் குறைவாகவே தேவைப்படுகின்றன.

பருப்பு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். ஆயினும் வெள்ளைச் சோற்றைக் குவித்து, ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினால் அதுவும் தாவர உணவுதான். சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதன்று. பாலையும் விடுபவர்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம்.