அக்காவிடம் கேளுங்கள்: ‘சூப்பர்’ சொன்னால் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கேம் ஜாம் பற்றியவைதான் அதிகம். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முழுதாக ஒரு கேமைச் செய்து முடிக்கச் சொல்லும் கூத்துக்குத்தான் கேம் ஜாம் என்று பெயர். முடிந்ததும் பெரும்பாலான ஜாம்களில் கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடிப் பார்த்து, மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுதுவார்கள். மனஸ்தாபமெல்லாம் அங்கேதான் ஆரம்பம். நான் பகலில் கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் டெஸ்டர். அடுத்தவர் கேமில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வார இறுதியில் நானும் ஜாமுக்குக் கேம் செய்து திட்டு வாங்குகிறவள். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கே: அக்கா, லூடம் டேர் ஜாமில் முதல் தடவையாக ஒரு கேம் போட்டேன். நம் பையன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘சூப்பர் மச்சான்’, ‘தீயா இருக்கு’ என்று கொண்டாடினார்கள். ஜாமிலோ ஒருவர், ‘கண்ட்ரோல் மோசம், இரண்டாவது லெவலைத் தாண்டவே முடியவில்லை, ஜம்ப்பை இன்னும் உயரமாக வையுங்கள்’ என்று எழுதிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். அதையெல்லாம் விளக்கி நீளமாகப் பதில் போட்டேன். ஆள் திரும்பி வரவே இல்லை. யார் சொல்வதை நம்புவது?
— கல்லூரி மாணவர், புக்கிட் ஜாலில்

ப: தம்பி, நீ கண்ணை மூடிக்கொண்டு தாண்டாமல் வேறு யார் தாண்டுவார்கள்? பலகையை அங்கே வைத்ததே நீதானே! இரண்டு நாளாக அதையே குதித்துக் குதித்துப் பழகிய கை அது. ‘தீயா இருக்கு’ என்றவர்களில் எத்தனை பேர் இரண்டாவது லெவல் வரைக்கும் போனார்கள் என்று குரூப்பில் கேட்டுப் பார். பதில் வர நேரமாகும்.

அந்த ஆள் ஒரே மூச்சில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். தாண்ட முடியவில்லை என்பது நடந்தது. கண்ட்ரோல் மோசம் என்பது அவருக்குப் பட்டது. உயரமாக வை என்பது அவர் எழுதிக் கொடுக்கும் மருந்து. நடந்ததை நீ மறுக்கவே முடியாது, அது அவர் கையில் நடந்தது. மருந்தை நீ சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை.

நீ அனுப்பிய கேமை ஆடிப் பார்த்தேன். உடைந்த பாலத்தில் ஓடி வந்து விளிம்பில் குதிக்கிற இடத்தில் எனக்கும் ஜம்ப் பொத்தான் அடிக்கடி செத்துப்போனது. திரையை வீடியோ எடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக, நகர்த்திப் பார்த்தால், பொத்தானை அமுக்கியபோது பொம்மையின் கால் பலகையை விட்டு மூன்று ஃபிரேம் தள்ளிப் போயிருக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் மூன்று ஃபிரேம் என்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் தாமதத்தை ஆடுகிறவர் உணரவே மாட்டார். ஆனால் உன் கோட் கறாராக, ‘கால் தரையில் இல்லை, குதிக்க முடியாது’ என்று சொல்லிவிடுகிறது. தாமதமாக அமுக்கினோம் என்று அவருக்குத் தோன்றுமா? பொத்தான் ஏமாற்றிவிட்டது என்றுதான் தோன்றும்.

இதற்கு வழி ரொம்ப நாளாகவே இருக்கிறது. ‘கயோட்டி டைம்’ என்பார்கள். தரையை விட்ட பிறகும் சில ஃபிரேம் வரைக்கும் ஜம்ப்பை ஏற்றுக்கொள்வது, அவ்வளவுதான். செலஸ்ட் கேமில் குதிப்பது கைக்கு இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (அதுவும் பிக்கோ-8 என்ற, குட்டிக் கேம் செய்யும் மென்பொருளில் 2015-இல் நான்கே நாளில் செய்த ஒரு கேமிலிருந்து வளர்ந்ததுதான்.) அவர் சொன்னபடி நீ உயரத்தைக் கூட்டியிருந்தால் மூன்றாவது லெவலில் சாவியே எடுக்காமல் சுவரைத் தாண்டிப் போய்விடலாம். அப்புறம் அந்தப் புதிருக்கே வேலையில்லை.

அடுத்த தடவை நீளமாக விளக்கம் எழுதாதே. ‘எந்தப் பலகையில் விழுந்தீர்கள்? ஓடி வந்தா, நின்ற இடத்திலிருந்தா?’ என்று மட்டும் கேள். முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து பதில் சொல்வார்கள்.

கே: இட்ச்.ஐஓ இணையதளத்தில் நடந்த ஒரு ஜாமில் என் கேமுக்கு நான்கு பேர்தான் மதிப்பெண் போட்டார்கள். எல்லாரும் நல்லதாகவே போட்டும் பட்டியலில் அடியில் கிடக்கிறது. ஏமாற்று வேலையா?
— வாசகி, செத்தாப்பாக்

ப: ஏமாற்று இல்லை, கணக்கு. அங்கே ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள் என்று வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுப்பார்கள். உன் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தால், உன் எண்ணிக்கையை நடு எண்ணால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் மதிப்பெண்ணைப் பெருக்குவார்கள். நடு எண் 16 என்று வை. உனக்கு 4. வகுத்தால் கால், வர்க்கமூலம் அரை. நான்கு நட்சத்திரம் இரண்டாகிவிடும். லூடம் டேரில் வேறு மாதிரி: 20 பேராவது மதிப்பிடாவிட்டால் தரவரிசையிலேயே இடம் கிடையாது.

வழி ஒன்றுதான். வாக்கெடுப்பு தொடங்கிய முதல் சில நாளில் அடுத்தவர் கேம்களை நிறைய ஆடு, கருத்து எழுது. எழுதியது யார் என்று பார்க்க உன் பக்கம் வருவார்கள். அப்புறம், பிரவுசரிலேயே ஓடும்படி கேமைக் கொடு. முன்பின் தெரியாத ஆளின் ஜிப் ஃபைலை இறக்க யாருக்கும் மனசு வராது.

கே: என் மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் கேம் செய்கிறான். ‘அம்மா, ஆடிப் பார்த்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க’ என்று கணினியை என் முன்னால் வைக்கிறான். எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ‘நல்லா இருக்குய்யா’ என்றால் முகம் வாடிப்போகிறது. என்னதான் சொல்வது?
— ஒரு தாயார், பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: அம்மா, ஒன்றும் தெரியாதவர் கிடைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய கஷ்டம். கேமே ஆடிப் பழகாத ஆளைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கப் படாத பாடு படுகிறோம். உங்கள் மகனுக்கு அது வீட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆடும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். ‘இது கதவா, சுவரா?’ ‘இப்ப எதை அமுக்கணும்?’ ‘இந்தச் சிவப்பு ஏன் குறையுது?’ இதெல்லாம் முட்டாள்தனமான கேள்வி என்று வெட்கப்படாதீர்கள். என் சின்னம்மா ஒரு தடவை என் கேமை ஆடினார். திரையின் மேல் மூலையில் மூன்று இதயங்கள் இருந்தன, மீதி உயிரைக் காட்டுவதற்கு. அவர் பொம்மையை அப்படியே நிறுத்திவிட்டு, மௌஸால் அந்த இதயங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். ‘தட்டினா ஏதாவது தருமான்னு பார்த்தேன்’ என்றார். கேம் ஆடிப் பழகிய யாரும் எனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதயம் என்றால் உயிர் என்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்தது போல ஆகிவிட்டது.

இனி வருவதை மகனிடம் வாசித்துக் காட்டுங்கள். தம்பி, அம்மா ஆடும்போது வாயைத் திறக்காதே. மௌஸைப் பிடுங்காதே. ‘ஸ்பேஸ் பாரை அமுக்குங்கம்மா’ என்று சொன்ன அந்த நொடியே சோதனை கெட்டுவிட்டது, ஏனென்றால் கேமை இறக்குகிற ஒவ்வொருவர் பின்னாலும் நீ நிற்கப் போவதில்லை. பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அம்மா எங்கே நின்றார், எங்கே திரும்பிப் போனார், எங்கே பெருமூச்சு விட்டார் என்று மட்டும் குறித்துக்கொள். அம்மா சொல்வதைவிட அம்மா செய்வதுதான் உனக்கு முக்கியம். நூறு பேரைத் தேடி அலையவும் வேண்டாம். ஐந்து பேரை உட்கார வைத்தாலே பெரும்பாலான சிக்கல் வெளியே வந்துவிடும் என்று, மென்பொருளைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராய்கிற யாக்கோப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. மூன்று பேர் ஆச்சு.

கே: நெருங்கிய நண்பன் குளோபல் கேம் ஜாமில் செய்ததைக் காட்டி, ‘உண்மையைச் சொல்லுடா’ என்கிறான். போன தடவை உண்மையைச் சொன்னதற்கு ஒரு மாதம் பேசவில்லை.
— வாசகர், பட்டர்வொர்த்

ப: என்ன சொன்னாய் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே! ‘போரடிக்குது’ என்றிருப்பாய் என்று நினைக்கிறேன். உண்மையாகவே இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டு அவன் எதைத் திருத்துவான்? அதற்குப் பதில், ஒரு பேச்சுக்கு, ‘இரண்டாவது சாவியை எடுத்துவிட்டு அந்த நீள வராந்தாவில் திரும்பி நடக்கும்போது ஃபோனை எடுத்துப் பார்த்தேன்’ என்று சொல். கோபித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? வராந்தாவைச் சுருக்கிவிடுவான். எங்கள் ஆபீஸில் டெஸ்டர் எழுதும் அறிக்கை இப்படித்தான்: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. ‘மோசம்’ என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

பாராட்டையும் அதே மாதிரி இடம் சொல்லிப் பாராட்டு. தவளை தண்ணீரில் விழும் சத்தம் உனக்குப் பிடித்திருந்தால் அதைச் சொல். சொல்லாவிட்டால் அடுத்த வெர்ஷனில் அவனே அதைத் தூக்கிவிடலாம். நல்லது எது என்று செய்தவனுக்குப் பல நேரம் தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ‘இதைத் தொடர்ந்து செய்யப் போறியா?’ என்று கேட்டுவிடு. 2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் போட்டியே இல்லை. அதில் செய்கிற கேம்களில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடும். தொடரப் போவதில்லை என்றால் பத்துக் குறையை அடுக்கிப் பயனில்லை, அடுத்த கேமுக்கு உதவுகிற ஒன்றைச் சொன்னால் போதும். தொடரப் போகிறான் என்றால் கதை வேறு. பாபா இஸ் யூ என்ற கேம் 2017-இல் நோர்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019-இல் விற்பனைக்கு வந்தது. அந்த மாதிரி எண்ணமிருந்தால் மாமாக் கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு, நோட்டும் பேனாவுமாகப் பேசுங்கள். குரூப்பில் மட்டும் போடாதே.

கே: தமிழில் வசனம் வைத்து ஒரு கேம் செய்தேன். ஜாமில் யாரும் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தங்கை பார்த்ததுமே ‘எழுத்தெல்லாம் உடைஞ்சிருக்கு’ என்று சிரித்தாள்.
— வாசகர், செந்தூல்

ப: தங்கையைக் கையில் பிடித்து வைத்துக்கொள். ஜாமில் ஆடியவர்களுக்கு அது அழகான வளைவுகள், அவ்வளவுதான். தப்பு என்று யாருக்குத் தெரியும்? நீ யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவைப் பயன்படுத்தியிருப்பாய் என்று ஊகிக்கிறேன். ‘தேவி’ என்று தட்டினால் கணினியில் முதலில் ‘த’, அப்புறம்தான் இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த மாற்றும் வேலையை டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ செய்யாது, கொம்பு பின்னால் போய் நிற்கும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது. யூனிட்டியை விட மனசில்லை என்றால், வசனம் கொஞ்சமாக இருக்கும் பட்சத்தில் படமாகவே வரைந்து போட்டுவிடு. ஜாமுக்கு அது போதும். ஜாமில் கிடைத்த கருத்து எதையும் வைத்து உன் தமிழ் சரியாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டாதே.

கே: காரணமே சொல்லாமல் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்களே?
— வாசகர், பாங்சார்

ப: போகட்டும், விடு.

கே: நல்ல கருத்தாக நிறைய வந்திருக்கிறது. வாக்கெடுப்பு நடக்கும்போதே திருத்திவிடலாமா?
— வாசகி, ஜார்ஜ் டவுன்

ப: ஜாமுக்கு ஜாம் விதி மாறும், முதலில் அதைப் படி. லூடம் டேரில் கேமை ஓடவிடாமல் செய்யும் பிழையைச் சரி செய்யலாம். புது லெவல், புது ஆயுதமெல்லாம் சேர்க்கக் கூடாது. இட்ச்.ஐஓவில் பல ஜாம்கள் வாக்கெடுப்பு முடியும்வரை ஃபைல் ஏற்றுவதையே பூட்டி வைத்துவிடும். நீ பாட்டுக்கு வீட்டில் திருத்திக்கொண்டே இரு. முடிந்ததும் ஜாம் வெர்ஷனை அப்படியே விட்டுவிட்டு, திருத்தியதைத் தனி ஃபைலாகப் பக்கத்தில் வை. யார் சொன்னதால் எதை மாற்றினாய் என்று அவரவர் கருத்துக்குக் கீழே ஒரு வரி எழுது. அடுத்த ஜாமில் உன் கேமைத் தேடி வந்து ஆடுகிறவர்கள் அவர்கள்தான்.