இறந்துபோன அமெரிக்கப் போர்வீரரின் பதிவில் விட்டுப்போன பதக்கங்களைக் குடும்பத்தார் சேர்க்க முடியுமா?

முடியும். இரண்டாம் உலகப் போரில் தரைப்படையில் இருந்த தாத்தாவைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். உங்கள் நிலையும் அதுதான் என்றால், முதலில் வீட்டில் இருக்கும் விடுவிப்புச் சான்றிதழை (படையிலிருந்து விலகும்போது தந்தது) எடுத்துப் பாருங்கள். 53-55 எண் படிவமாக இருந்தால் 31, 33 ஆகிய இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். பலருக்கு 31-இல் காலாட்படைப் போர்ச் சின்னம் (நேரடிச் சண்டையில் ஈடுபட்ட காலாட்படையினருக்குத் தருவது) இருக்கும், பதக்கங்களுக்கான 33-இல் வெண்கல நட்சத்திரப் பதக்கம் இருக்காது. எழுத்தர் செய்த பிழை இல்லை இது. போரின்போது அந்தச் சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரமும் உண்டு என்ற முடிவே 1947-இல்தான் வந்தது. அதற்குள் பலர் வீடு திரும்பிவிட்டார்கள்.

எடுத்ததுமே ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு ஓடாதீர்கள். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் (படைப் பதிவுகளைக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பினால், பல சமயம் அங்கேயே வேலை முடிந்துவிடும். அந்த மையத்தில் 1973-இல் நடந்த தீவிபத்தில் கோப்பு எரிந்திருக்கலாம் (1912 முதல் 1959 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டன). அப்போது படைப்பிரிவின் தினசரிக் காலை அறிக்கை, கடைசிச் சம்பளச் சீட்டு, பழைய கடிதங்கள் எல்லாம் ஆதாரமாகும்.

அங்கே மறுத்தால் மட்டும் டிடி 149 என்ற பதிவுத் திருத்த விண்ணப்பப் படிவத்தில் அந்த வாரியத்துக்கு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழும் உறவுக்கான சான்றும் இணைக்க வேண்டும். பிழை தெரிந்து மூன்று ஆண்டுக்குள் என்பது விதி. நியாயம் இருந்தால் வாரியமே அதைத் தளர்த்தும், எனவே தாமதத்துக்கான காரணத்தை எழுதத் தவறாதீர்கள்.