0.97 மதிப்பெண் வாங்கிய பெப்டைடு கிருமியைக் கொல்லுமா?

கேள்வி: முதுநிலை ஆய்வு மாணவி நான். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை மட்டும் கொல்லும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) தேடுகிறேன். கணினி நிரல் 40 அமினோ அமில வரிசைகளைக் கொடுத்திருக்கிறது. முதலாவதன் மதிப்பெண் 0.97. 'தயாரிப்பு, சோதனை இரண்டும் எங்கள் பொறுப்பு' என்கிறார் ஒரு முகவர். நாற்பதையும் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒன்றுக்கொன்று ஜாடை ஒட்டாத ஆறேழு போதும்.

அந்த 0.97 எதற்கு விழுந்த மதிப்பெண் என்று பாருங்கள். ஏதோ ஒரு பாக்டீரியாவைக் கொன்றதாகப் பதிவான பெப்டைடுகள் ஒரு பக்கம், சாதாரணப் புரதத் துண்டுகள் மறுபக்கம். பெரும்பாலான நிரல்கள் இந்த இரண்டையும் பிரிக்கத்தான் படித்திருக்கின்றன. உங்கள் கிருமியின் பெயரே அவற்றுக்குத் தெரியாது. நேர்மின்னூட்டம் கொண்ட பெப்டைடு, எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியா சவ்வில் ஒட்டி ஓட்டை போடும். 1987-ல் தவளைத் தோலில் கண்டெடுத்த மகைனின் அந்த ரகம். ஊர்ப்பட்ட கிருமிகளைக் கொல்லும். பெப்டைடுக்குக் கொழுப்போடு ஒட்டும் தன்மை கொஞ்சம் கூடினால் சிவப்பணுவும் உடையும்.

'மட்டும்' என்ற சொல்தான் உங்கள் ஆய்வே. அதைச் சோதிக்க சூடோமோனாஸோடு ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறு இரண்டு பாக்டீரியாக்கள், சிவப்பணு மூன்றையும் ஒரே நாளில் வையுங்கள். கூடவே, அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துச் செய்த ஒரு போலியும் வேண்டும். போலியும் அதே அளவுக்குக் கொன்றால், வேலை செய்வது வெறும் மின்னூட்டம். குறிவைத்துத் தாக்குவது எப்படி இருக்கும் என்பதற்கு முரேபவாடின் என்ற பெப்டைடு மருந்து உதாரணம். சூடோமோனாஸின் வெளிச்சவ்வில் உள்ள ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. அதையே ஊசிமருந்தாகச் சோதித்தபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் 2019-ல் நிறுத்தினார்கள்.

நேர்மின்னூட்ட விதிக்கு ஒரு விலக்கு உண்டு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டாப்டோமைசின் என்ற பெப்டைடு வகை ஆன்டிபயாடிக் எதிர்மின்னூட்டம் கொண்டது. கால்சியத்தைத் துணைக்குப் பிடித்துக்கொண்டுதான் சவ்வில் ஏறும். அதைச் சோதிக்கும்போது கிருமி வளர்க்கும் ஊடகத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. குறைந்தால் நல்ல மருந்தே சோப்ளாங்கியாகத் தெரியும். அது வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கானது, உங்களுக்குப் பயன்படாது. ஆனாலும் சொல்கிறேன்: ஊடகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பெப்டைடையும் 'உதவாது' என்று தூக்கிப்போடாதீர்கள்.

இனி முகவர். விற்பவரே சோதித்துத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். குப்பிக்குள் பஞ்சுபோல் வெள்ளைத் தூள் வரும். சுத்திகரிக்காத சரக்கும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். தயாரிப்பில் தங்கிவிடும் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் தன் பங்குக்குச் செல்களைக் கெடுக்கும். அதை நீங்கள் பெப்டைடின் வீரியம் என்று எழுதிவைப்பீர்கள். ஒருமுறை எனக்கு வந்த இரண்டு வெவ்வேறு பெப்டைடுகளின் தூய்மைச் சான்றிதழ்களில் ஒரே வரைபடம், சிகரத்தின் ஓரத்துச் சிறு மேடு உட்பட! கேட்டதற்கு 'அச்சுப் பிழை' என்றார்கள். குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் ஆர்டர் என்று கொள்முதல் பிரிவு அடம்பிடிக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. தோற்றுப்போன பெப்டைடுகளைப் பெரும்பாலான ஆய்விதழ்கள் அச்சிடாததால், அதே வரிசைகளை அடுத்த மாணவியும் காசு கொடுத்து வாங்குவார்.

உங்களுக்கு அனுப்பும் அதே தயாரிப்புத் தொகுதிக்கு எடுத்த எச்.பி.எல்.சி. வரைபடம் (தூய்மையைக் காட்டுவது), நிறை நிறமாலை (மூலக்கூறின் எடையைக் காட்டுவது), தூளில் நிகரப் பெப்டைடு எத்தனை சதவீதம் என்ற கணக்கு, மூன்றையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். தூய்மை 95% என்று போட்டிருந்தாலும் 1 மில்லிகிராம் தூளில் ஈரமும் உப்பும் போக உள்ள பெப்டைடு அதைவிடக் குறையும், எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) கணக்கு அங்கேயே சறுக்கும்.

சோதனைத் தட்டு பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். வழக்கமான பாலிஸ்டைரீன் தட்டில் பெப்டைடு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கிருமிக்கு மிஞ்சுவது குறையும்.