பதில்: படகிலும் வலையிலும் ஒட்டும் காக்கா ஆழி

அண்ணே, எண்ணூர் முகத்துவாரத்தில் ஃபைபர் படகின் அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டுது, உப்பு போட்டால் சாகுமா என்று கேட்டிருந்தீர்கள். சாகாது. அது காக்கா ஆழி என்கிற சிப்பி வகை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் தீவுகளையும் பிடித்திருக்கிறது. உப்பு ஏறினாலும் மழைத்தண்ணி கலந்தாலும் தாங்கும். காயப்போடுவதுதான் வழி.

படகை மேட்டில் ஏற்றி, மொண்ணையான பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். கூர்க்கத்தி வேண்டாம், கீறல் விழுந்தால் அதிலேயே அடுத்த குஞ்சு ஒட்டும். நூல் நூலாக இருக்கும் வேரையும் எடுத்துவிடுங்கள். சுரண்டியதைத் தண்ணியில் தள்ளினால் பிழைத்து மறுபடி ஒட்டும். தார்ப்பாயில் வாரி, கொத்தைப் பிரித்து வெயிலில் பரப்புங்கள். பிரிக்காவிட்டால் உள்ளே ஈரம் நின்று பல நாள் உயிரோடு கிடக்கும்.

வலையை ஒரு வாரமாவது நன்றாக உலர்த்துங்கள். படகில் தேங்கிய தண்ணியை மணலில் கொட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு அதில் மிதக்கும். பழவேற்காடு ஏரிக்குப் படகைக் கொண்டுபோகுமுன், அங்கே இதைப் பரப்பாமல் இருக்க, இதெல்லாம் கட்டாயம் செய்யுங்கள். தண்ணிக்கு அடியில் உள்ள தரையைக் காக்கா ஆழி பாய்போல மூடிவிட்டால் இறால் புதைய மணல் கிடைக்காது, கையால் இறால் தடவுகிறவர்களுக்குத்தான் முதல் அடி.

குழம்பு வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் தண்ணியையும் ஆலைக்கழிவையும் வடிகட்டித் தின்று வளர்ந்தது, வேண்டாம்.