பலி நிஜம், மனசு? - பழைய ஏற்பாடு கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆமோஸ் 5:21ல உங்க பண்டிகைய வெறுக்கிறேன்னு கர்த்தர் சொல்றதா வருதே, அப்போ தீர்க்கதரிசிகளுக்கு பலி, பண்டிகையே புடிக்காதா?

பதில்: சட்டுனு அப்படி முடிவு பண்ணாதீங்க தம்பி. அதே புஸ்தகத்துல 8:5 பாருங்க, வியாபாரிங்க மாதப்பிறப்பு எப்ப முடியும், ஓய்வுநாள் எப்ப முடியும், தானியத்த விக்கணுமேன்னு காத்துக்கிட்டு இருக்கானுங்க. லீவ கரெக்டா அனுசரிக்கிறாங்க, அதுல குறையே சொல்ல முடியாது, ஆனா மண்டைக்குள்ள மரக்கால எப்படி சின்னதாக்கலாம் எடைக்கல்ல எப்படி கனமாக்கலாம் பதர எப்படி தள்ளிவிடலாம்னு கணக்கு ஓடுது. கி.மு. 8ம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் காலம், வடக்கு ராஜ்யமான இஸ்ரவேல்ல நல்லா பணம் புழங்குன நேரம். ஆமோஸுக்கு கோவம் அந்த தராசு மேல.

கேள்வி: குருட்டு ஆட்ட பலி குடுத்தது யாரு?

பதில்: ஆசாரியர்கள், மல்கியா 1:8. இத உன் அதிபதிக்கு குடுத்து பாரேன், வாங்கிப்பானான்னு கர்த்தர் கேக்குறாரு. அவ்ளோதான்.

கேள்வி: பக்திய சாக்கா வச்சு அரசியல் பண்ணவங்க உண்டா பிரதர்?

பதில்: அப்சலோம்தான் டாப். 2 சாமுவேல் 15. கெசூர்ல இருந்தப்ப பண்ணுன பொருத்தனைய எப்ரோன்ல போய் செலுத்தணும்னு அப்பா தாவீதுகிட்ட கேக்குறான், அவரும் சமாதானத்தோட போன்னு அனுப்பிடுறாரு. கூட 200 பேர் விருந்தாளியா வெள்ளந்தியா போறாங்க. இந்தப் பக்கம் பலி நடக்குது, அந்தப் பக்கம் தாவீதோட ஆலோசகர் அகித்தோப்பேலுக்கு ஆள் போயாச்சு, எக்காளம் கேட்டதும் அப்சலோம் ராஜான்னு கத்தணும்னு ஒற்றர்கள ஊர் ஊரா அனுப்பியாச்சு. ஏன் எப்ரோன்? தாவீது முதல்ல ராஜாவானதே அங்கதான், இவன் பொறந்ததும் அங்கதான். ஆகாப் ராஜாவோட மனைவி யேசபேல், திராட்சத்தோட்டத்துக்காக உபவாசம் கூறி நாபோத்த கல்லெறிஞ்சு கொல்ல வச்சதும் இதே ரகம்.

கேள்வி: வடக்கு ராஜ்யத்து ராஜா யெகூ, பாகால்ங்கிற அந்நிய தெய்வத்தோட கோவில இடிச்சாரே, அது சுத்த பக்திதானே?

பதில்: இடிச்சாரு, சரி. கர்த்தர்கிட்ட நாலு தலைமுறைக்கு சிங்காசனமும் கிடைச்சுது. ஆனா பெத்தேல், தாண் ஊர் பொன் கன்னுக்குட்டிய தொடவே இல்ல. பாகால ஒழிச்சா, அவர் கவுத்த ஆகாப் வீட்டோட மிச்சம் போகுது, கன்னுக்குட்டி போனா ஜனம் கும்பிட தெற்கு ராஜ்யத்து எருசலேமுக்கு போயிடும், எனக்கு அப்படித்தான் தோணுது. பின்னாடி ஓசியா 1:4ல யெகூ வீட்டு மேல, ஆகாப் வீட்டார கொன்ன யெஸ்ரயேல் ஊர் ரத்தப்பழி விழுது.

கேள்வி: தீர்க்கதரிசி சாமுவேலும் பலியிட வந்தேன்னு சொல்லிட்டு தாவீத அபிஷேகம் பண்ணல?

பதில்: மாட்டிவிட்டீங்களே அக்கா! 1 சாமுவேல் 16:2. அப்போ ராஜாவா இருந்த சவுல் கேள்விப்பட்டா கொன்னுடுவான்னு பயந்தாரு, கன்னுக்குட்டி ஒண்ண கொண்டு போய் பலியிட வந்தேன்னு சொல்லுன்னு ஐடியா குடுத்ததே கர்த்தர்தான். பெத்லகேம் மூப்பர்கிட்ட சொன்னது பொய்யில்ல, முழுசும் இல்ல. முந்தின அதிகாரத்துல சவுல், கர்த்தர் அழிக்கச் சொன்ன நல்ல ஆடுமாட்ட பலிக்குத்தான் வச்சிருக்கோம்னு சொன்னப்ப கிழிச்சு எடுத்ததும் இதே சாமுவேல்தான். எழுதுனவரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு ஒரு வார்த்த விளக்கம் சொல்லாம தாவீது கதைக்கு போயிட்டாரு.