மாலை ஐந்து மணியானால் மாமனார் ஏன் மாறிவிடுகிறார்?

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது, மறதி நோய். காலையில் கிருஷ்ணகிரியில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் விட்டு, நான்கரைக்கு அழைத்து வருகிறோம். அங்கே குளிக்க வைத்தால் அடிக்கிறார். வீட்டுக்கு வந்தால் ‘மாட்டைப் புடிச்சுக் கட்டணும்’ என்று வெளியே ஓடுகிறார். மாடுகளை எப்போதோ விற்றாயிற்று. தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? இரவில் எனக்கும் தூக்கமில்லை.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம் அம்மா. தூக்க மாத்திரையால் குழப்பம் கூடும், தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மறதி நோயாளிகளை அமைதிப்படுத்தத் தரும் மனநோய் மருந்துகளும் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுகின்றன. தவிர்க்கவே முடியாதபோது மருத்துவர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தர வேண்டியவை அவை.

இந்த மாற்றம் ஓரிரு நாளில் திடீரென வந்ததா? அப்படியானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகக் கொடுத்த சளி மருந்து ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெல்ல மெல்ல வந்தது என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்: இவ்வளவு போதும். ஒரு வாரம் மையத்திலும் வீட்டிலும் அதே நோட்டில் எழுதட்டும். காரணம் பெரும்பாலும் அந்த ‘சற்று முன்’னில்தான் இருக்கும். குளியலில், சொல்லாமல் தலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றினால் யாரோ தாக்குவதாகவே அவருக்குப் படும். ஸ்டூலில் உட்கார வைத்து, தோளில் துண்டு போட்டு, வெதுவெதுப்பான நீரைக் கையில் தொடக் கொடுத்துவிட்டுக் காலிலிருந்து ஆரம்பியுங்கள். தலைக்குக் கடைசியில். மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்துக் கேளுங்கள்.

மாலை ஐந்து மணி, அவர் காலமெல்லாம் மாட்டைக் கட்டிய நேரம். ‘மாடுதான் இல்லையே’ என்று வாதாடினால் ஓட்டம் கூடும். ‘எந்த மாடு, கறவையா?’ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட ஒரு சுற்று நடந்து வாருங்கள். கைக்கு வேலை கொடுங்கள்: புளி ஓடு உடைக்க, கடலை உரிக்க. இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும், மூன்று மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம் என்று மையத்திலும் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு. அவர் மையத்தில் இருக்கும் நேரத்தைத் துணி துவைக்கவே செலவழிக்காதீர்கள், முதலில் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரும் 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப் போகும்போது உங்கள் நிலையையும் சொல்லுங்கள். மனசு தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) அழைக்கலாம், கட்டணமில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது உங்கள் கணவரோ நாத்தனாரோ மாமனார் பக்கத்தில் படுக்கட்டும். இந்தப் பதிலை அவர்களிடமே காட்டிக் கேளுங்கள்.