நகையை அடகு வைக்காமல் ஒரு குறும்படம்

கேள்வி: கும்பகோணத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் நடக்கும் ஓர் அப்பா – மகன் கதையைக் குறும்படமாக எடுக்க ஆசை. ஸ்கிரிப்ட் 24 பக்கம் வந்திருக்கிறது. கையில் 1.5 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை வைத்து இன்னும் 3 லட்சம் வாங்கலாம் என்று யோசிக்கிறேன். கேமரா நண்பர் தருகிறார். கிரௌட் ஃபண்டிங் எடுபடுமா? யூடியூபில் போட்டால் பணம் திரும்புமா? சவுண்டை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். குறும்படத்தில் போட்ட பணம் திரும்பாது. யூடியூப் விளம்பர வருமானத்தை நம்பி வட்டி கட்ட முடியாது. போனால் வீட்டில் அடுப்பு அணையாது என்கிற தொகை எவ்வளவோ, அதுதான் உங்கள் பட்ஜெட். உங்களுக்கு அது 1.5 லட்சம். படத்தை அந்த அளவுக்குச் சுருக்குவோம்.

ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். புது யூனிட் ஒரு நாளில் ஒழுங்காக முடிக்கக்கூடியது நான்கு பக்கம். 24 பக்கத்துக்கு ஆறு நாள் ஆகும், உங்கள் பணம் மூன்று நாளைத்தான் தாங்கும். ஆகவே ஸ்கிரிப்ட் 12 பக்கத்துக்கு வர வேண்டும். திரைப்படத் திருவிழாக்களில் படம் தேர்வு செய்பவர்களுக்கும் 12 நிமிடப் படத்தை நிகழ்ச்சியில் நுழைப்பது 24 நிமிடப் படத்தைவிட எளிது. வெட்டும்போது வசனத்தை மட்டும் குறைத்தால் போதாது, இடத்தைக் குறையுங்கள். ஒரு லொகேஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலே ஏற்றி, இறக்கி, லைட் வைப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். பட்டறை, அதன் பின்னால் வீடு, தெரு. இந்த மூன்றோடு நிறுத்துங்கள். பஸ் ஸ்டாண்டு, இரவு மழை மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மழைக்குத் தண்ணீர் லாரியும் குழாயும் ஆட்களும் வேண்டும். அந்த ஒரு காட்சியே ஒரு நாள் செலவைத் தின்றுவிடும்.

இப்போது பணம். குறும்படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் நின்றுபோவதில்லை. படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொன்னபிறகுதான் நிற்கின்றன. கையிலிருந்த எல்லாவற்றையும் லென்ஸுக்கும் லைட்டுக்கும் கொட்டிவிட்டு, எடிட்டரிடம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கின்றன. எனவே கடைசி வேலைக்கான பணத்தை முதலில் எடுத்து வேறு கணக்கில் போடுங்கள்: 50,000. எடிட்டிங் 15,000, சவுண்டு டிசைனும் மிக்ஸிங்கும் 20,000, இசை 8,000, படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலர் வேலை 7,000. சப்டைட்டிலுக்கும் திருவிழாக் கட்டணத்துக்கும் 10,000. எதிர்பாராததற்கு 15,000, விட்டுப்போன ஷாட்களை எடுக்கும் பேட்ச் வொர்க் ஒரு நாளாவது கட்டாயம் வரும். மீதி 75,000தான் படப்பிடிப்புக்கு.

அதில் சாப்பாட்டைக் குறைக்க நினைக்காதீர்கள். 12 பேர், தலைக்கு ஒரு நாளைக்கு 400, மூன்று நாளைக்கு 14,400. சம்பளம் இல்லாமல் வருபவர்களுக்கு நீங்கள் தருகிற மரியாதை நேரத்துக்குச் சோறு. அது தள்ளிப்போனால் மூன்று மணிக்கு மேல் யாருக்கும் வேலை ஓடாது. அதேபோல் பட்டறைக்காரர் வேலை நிறுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் அங்கிருக்கும் எல்லோருடைய கூலியையும் கணக்குப் போட்டு முன்கூட்டியே கொடுங்கள். அமாவாசைக்கு விடுமுறை விடும் பட்டறை என்றால் வசனக் காட்சிகளை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம், கூலி நஷ்டம் கொஞ்சம் மிச்சமாகும்.

சவுண்டை டப்பிங்குக்குத் தள்ளாதீர்கள். உங்கள் கதை நடப்பதே பட்டறையில். அரம் பித்தளையை ராவுகிற சத்தம், கடைசல் சத்தம், அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுகிற அப்பா. ஏசி அறையில் நின்று அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவர நல்ல நடிகருக்கே கஷ்டம், புதுமுகத்துக்கு முடியவே முடியாது. சொந்தக் கருவிகளோடு வரும் சவுண்டு ரெக்கார்டிஸ்டுக்கு நாளுக்கு 5,000 என்று 15,000 ஒதுக்குங்கள். நண்பரின் கேமரா கிடைத்ததில் மிச்சமான பணம் இங்கேதான் போக வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் அடியுங்கள். வசனம் எடுக்கும்போது பட்டறை வேலை நிற்கட்டும். அரம், சுத்தியல், துருத்திச் சத்தங்களைத் தனியாகப் பத்துப் பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டு எடிட்டில் அடியில் போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தம் எடுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போட அது வேண்டும். வீட்டுக் காட்சியில் ஃபேனோடு ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

தேதி குறிக்கும்போது ஆடி மாதத்தை விட்டுவிடுங்கள். தெருவுக்கு ஓர் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இருக்கும். முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபத்து மேளமும் வரும், வேன் வாடகையும் ஏறும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் 1/60 நொடியில் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், கலரிஸ்டாலும் அதைச் சுலபமாக எடுக்க முடியாது. நொடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துப் பூட்டிவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று நாளில் ஏழரை மணி நேரம் எடுத்தாலும் 340 ஜிபிக்குள்தான். ஆக, இரண்டு 1 டிபி டிஸ்க் போதும். இரண்டிலும் காப்பி எடுத்து, திறந்து பார்த்தபிறகே கார்டை அழியுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது.

உலோகம் வார்க்கும் காட்சியை "ஒன் மோர்" கேட்டு எடுக்க முடியாது. ஒரு நாள் கேமரா இல்லாமல் போய், உலையில் உருகுவதிலிருந்து வண்டல் மண் அச்சில் ஊற்றி முடிப்பது வரை யார் எங்கே நிற்கிறார்கள், கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, உருகிய பித்தளைக்கு வையுங்கள், முகத்துக்கு மஞ்சள் ஒளியில் ஒரு சின்ன எல்இடி போதும். ராத்திரிக் காட்சியில் தரை மின்ன வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பார்களே, அதை உலைப் பக்கம் செய்யவே கூடாது. உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் வெடித்துத் தெறிக்கும். அந்த இடத்தில் பட்டறைக்காரர் சொல்வதுதான் சட்டம்.

கிரௌட் ஃபண்டிங் எடுபடும், ஆனால் கூட்டம் முன்பே இருக்க வேண்டும். 1976இல் வந்த 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். அது அவர்கள் கதை. பணம் சேர்க்க கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே இருந்தது. 1986இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' கேரளத்து மக்களிடம் நேரில் திரட்டிய பணத்தில் உருவானது. முகம் தெரியாதவர்களுக்கு இணைப்பு அனுப்புவதைவிட, விளக்கு வியாபாரிகள், ஊரைவிட்டு வெளியே போன பட்டறைக் குடும்பப் பிள்ளைகள், உங்கள் கல்லூரி நண்பர்கள் என்று 40 பேரிடம் போன் போட்டு ஆளுக்கு 1,000 கேளுங்கள். இரண்டு நிமிட டீசர் கையில் இருக்கட்டும். சேர்வதை எதிர்பாராத செலவுக் கணக்கில் போடுங்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வருமானமாகக் கணக்கில் வரும். அதனால் 40,000இல் நிற்பது நல்லது.

எல்லோரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நடித்தவர், கேமராமேன், பட்டறைக்காரர், முக்கியமாக இசையமைப்பாளர். நம் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் திருவிழாவுக்கு அனுப்பினால் பின்னால் சிக்கல். பட்டறை ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடுவதாக எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். பின்னணியில் மெல்லக் கேட்டாலும் உரிமை வாங்கத்தான் வேண்டும்.

படம் முடிந்ததும் யூடியூபில் ஏற்ற அவசரப்படாதீர்கள். இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தை ஏற்காத திருவிழாக்கள் பல. ஒரு வருடம் பொறுங்கள். திருவனந்தபுரத்தின் ஐடிஎஸ்எஃப்எஃப்கே, மும்பையின் மிஃப் ஆகிய ஆவணப்பட, குறும்பட விழாக்களில் தொடங்கி எட்டுப் பத்து இடம் தேர்ந்தெடுத்து, கட்டணம் குறைவாக இருக்கும் முதல் கெடுவுக்குள் அனுப்புங்கள். தேர்வானால் டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜக்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதி கேட்பார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். அது சரியாக ஓடுகிறதா என்று மட்டும் ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.